கோப்பிக்காலத்து ஆளாக ஒரு நாள் நிற்க வேண்டும், அந்த ஆளை எப்படி உருவாக்குவது?

புசல்லாவைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். இலங்கை மலைநாட்டில் எங்கள் தோட்டத்து வாசிகசாலையில் வருகிற மார்கழி விடுமுறையில் கோப்பிக்காலத்தை, அதாவது தேயிலைக்கு முந்திய காப்பித் தோட்டக் காலத்தை, ஒரு நாள் வாழ்ந்து காட்டலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். இது நாடகம் இல்லை, மேடையும் கிடையாது. பழைய லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) முன்னால் எட்டுப் பேர் எட்டு ஆட்களாகக் காலையிலிருந்து பொழுது சாயும் வரை அந்தக் காலத்து வேலையைச் செய்துகொண்டும் சமைத்துக்கொண்டும் இருப்போம், பிள்ளைகள் வந்து என்ன கேட்டாலும் அந்த ஆளாகவே பதில் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் எல்லைப்புறக் காலத்தை இப்படி வாழ்ந்து காட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 1840க்கு முந்திய மலைவேட்டைக்காரர்கள், தோல் வியாபாரிகள் மாதிரி உடுத்திக்கொண்டு காட்டில் கூடாரம் போட்டுத் தங்குவார்கள், 1840க்குப் பிந்திய பொருள் எதுவும் உள்ளே வரக்கூடாது என்பார்கள். துணி தைப்பதற்கு முன்னாலேயே அவர்கள் ஒரு ஆளை உருவாக்கிக்கொள்கிறார்களாம்: பெயர், வயது, ஊர், எதற்காக வந்தான், கையில் என்ன வைத்திருக்கிறான் என்று எல்லாம். அதைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது, நமக்கும் காடு திறந்த காலம் ஒன்று இருக்கிறது, அதை நம் பிள்ளைகள் யாரும் கண்ணால் பார்த்ததில்லையே என்றுதான்.

என் ஆளை இப்படி எழுதி வைத்திருக்கிறேன். பெயர் ராமசாமி, வயது 24. 1850இல் திருச்சிப் பக்கம் துறையூரிலிருந்து வந்தவன், ஹட்டனில் ஒரு கோப்பித் தோட்டத்தில் வேலை. தலையில் கயிறு போட்டு முதுகில் கூடை, கழுத்தில் அடையாள எண் பொறித்த தகரத் துண்டு. காலையில் தேத்தண்ணி, ரொட்டி, சம்பல். பெரட்டுக்கு (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற இடத்துக்கு)ப் போய்விட்டு மலைக்கு ஏறுவான்.

துறையூர் என்பது எங்கள் பாட்டி சொன்னது. அதற்கு மேலே வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. 1964 இலங்கை இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பத்தில் பாதிப் பேர் இந்தியாவுக்குப் போனபோது பழைய கடதாசிகளும் அவர்களோடு போய்விட்டன. அதனால் என் ஆள் உண்மையான முன்னோர் இல்லை, அவரைப் போன்ற ஒருவர். இதில் எது சரி, எது பிழை? வேறு என்ன சேர்க்க வேண்டும்? தங்கையும் நிற்க ஆசைப்படுகிறாள், அவளுக்கும் ஓர் ஆள் வேண்டும்.

---

கோப்பிக்காடு:

தம்பி, நல்ல வேலை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற ஆளிடம் நாலைந்து காலம் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது, முதலில் அதைப் பிரித்து எடுப்போம்.

1850இல் ஹட்டன் பக்கம் பெரும்பாலும் காடுதான். கோப்பி முதலில் பிடித்தது கம்பளை, புசல்லாவை, ரம்பொடை, ஹுன்னஸ்கிரிய, மாத்தளைப் பக்கம். டிக்கோயா, திம்புளை, மஸ்கெலியா எல்லாம் பிந்தித் திறந்தவை, ஹட்டனுக்கு ரயில் வந்ததே 1884இல். உங்கள் வாசிகசாலை புசல்லாவையில்தானே இருக்கிறது? ஆளையும் அங்கேயே நிறுத்துங்கள், நிற்கிற மண்ணைக் காட்டியே பேசலாம்.

முதுகுக் கூடை தேயிலைக் கொழுந்துக்கு உரியது. கோப்பிப் பழம் பறிக்கிறவன் இடுப்பிலோ தோளிலோ பை கட்டிக்கொண்டு, அது நிறைந்ததும் பெரிய சாக்கில் கொட்டினான். கோப்பிச் செடியை இடுப்பு, நெஞ்சு உயரத்துக்கு நுனி கிள்ளி நிறுத்திவிடுவார்கள், ஆள் நின்று கொப்பை வளைத்துச் சிவந்த பழத்தை மட்டும் எடுக்க வேண்டும். கை வேலை கொழுந்து பறிப்பதைப் போல இருக்காது. ஒரு கோப்பிக் கொப்பு கிடைத்தால் (இப்போதும் வீட்டுத் தோட்டங்களில் நிற்கிறதே) பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள், பச்சைக் காயும் பழமும் ஒரே கணுவில் நெருங்கி இருக்கும், பழத்தை மட்டும் விரலால் திருகி எடுப்பது எவ்வளவு மெதுவான வேலை என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

தகரத் துண்டு 1900க்குப் பிந்திய காட்சி. கடல் தாண்டுமுன் ஆட்களைத் தங்க வைத்த மண்டபம் முகாமும் அப்படித்தான், தலைமன்னாருக்குக் கப்பலும் ரயிலும் இணைந்தது 1914இல். உங்கள் ஆள் தொண்டியிலோ அம்மாபட்டினத்திலோ பாய்மரத் தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரைக்கும் நடந்து வந்தவன். தேத்தண்ணி வேண்டாம். ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத்து வெள்ளைக்காரர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தது 1867இல், அதற்கும் ஆறு வருஷம் கழித்து 1873இல்தான் லண்டனுக்கு 23 இறாத்தல் போனது. உங்கள் ராமசாமிக்குத் தேயிலை என்ற செடியே தெரிந்திருக்காது.

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன். ஒரே ஒரு வருஷத்தையும் ஒரே ஒரு மாதத்தையும் பிடியுங்கள். "கோப்பிக்காலம்" என்று பொதுவாக வைத்தால் அது 1820களில் தொடங்கி 1880களில் முடிகிற அறுபது வருஷம், தாத்தாவும் பேரனும் ஒரே ஆளாகிவிடுவார்கள். என்னைக் கேட்டால் 1866 கார்த்திகை. பழம் பறிப்பு மும்முரமான காலம். கோப்பி இலையில் நோய் இன்னும் வரவில்லை (மடுல்சீமையில் முதலில் கண்டது 1869இல்), கண்டிக்கு ரயில் வரவில்லை (அது 1867), மாட்டுவண்டியில்தான் கோப்பி கொழும்புக்கு இறங்குகிறது. சதம் என்ற காசு கிடையாது, அது 1872இல் வந்தது. ஆகவே ராமசாமி "இருபது சதம்" என்று சொல்லிவிடக்கூடாது. அவன் வாயில் 1866 என்ற எண்ணும் வராது, அட்சய வருஷம் என்பான். "மலையகம்" என்ற சொல்லும் அவனுக்குத் தெரியாது. வந்த இடம் கண்டி, கண்டிச்சீமை, அவ்வளவுதான். வயது 24 என்று திட்டமாகச் சொல்லவும் மாட்டான், இன்ன பஞ்சத்துக்கு முந்திப் பிறந்தேன் என்று ஆத்தா சொல்லும் என்பான்.

மாதம் ஏன் முக்கியம் என்றால், கோப்பிக்கு ஆள் கூட்டமாகத் தேவைப்பட்டது பறிப்பு நாளில். பறிப்பு முடிந்ததும் பெரும்பாலானவர்கள் கணக்கு முடித்து ஊருக்குத் திரும்பினார்கள். குடும்பத்தோடு வந்து வருஷம் முழுக்கத் தங்கியது தேயிலை வந்த பிறகு, கொழுந்து எல்லா மாதமும் துளிர்க்கிறதால். ஆகவே உங்கள் ஆள் இங்கே குடியேறியவன் இல்லை, திரும்பிப் போகப் போகிறவன். அப்படித்தான் அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். கார்த்திகை மாதத்தில் அவன் மனதில் ஓடுவது ஒரே கணக்கு: கங்காணி (ஊரிலிருந்து ஆள் கூட்டிவந்து வேலை வாங்குகிறவர்) கொடுத்த முன்பணம் எவ்வளவு, வழிச்செலவு எவ்வளவு, அரிசிக்கும் கம்பளிக்கும் பிடித்தது எவ்வளவு, மீதி ஏதாவது வருமா. சம்பளம் மாதாமாதம் கைக்கு வரவில்லை, பல மாதம் நிலுவையில் நின்றது, வந்தாலும் கங்காணி கை வழியாக வந்தது.

நான் சில வருஷங்களுக்கு முன் ஒரு பாடசாலை மண்டபத்தில் இப்படி ஒரு ஆளாக நின்றேன். துணி சரியாக இருந்தது, மண்சட்டி சரியாக இருந்தது, வருஷங்கள் எல்லாம் மனப்பாடம். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து கம்பளியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நீங்க இங்க இருக்கிறது உங்க அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. என் ஆளுக்கு நான் அம்மாவே வைக்கவில்லை. அன்றைக்குத்தான் புரிந்தது, உடுப்புக்கு முன்னால் அவன் யாருக்குக் கடன்பட்டிருக்கிறான், யார் அவனுக்காகக் காத்திருக்கிறார்கள், யாரோடு நடந்து வந்தான், வழியில் யாரை விட்டுவிட்டு வந்தான் என்ற நாலையும் எழுதிவிட வேண்டும். அது இருந்தால் மற்றக் கேள்விகளுக்கு வாய் தானாகத் திறக்கும்.

---

ராகலை அக்கா:

மேலே ஐயா சொன்னதெல்லாம் சரி, ஒரு சின்னத் திருத்தம் மட்டும். புசல்லாவை என்று வைத்தால் தேயிலைச் செடியே தெரியாது என்று அடித்துச் சொல்ல வேண்டாம். பேராதனைப் பூங்காவுக்கு 1839இலேயே அசாம் தேயிலை விதை வந்தது, புசல்லாவை ரொத்சைல்ட் தோட்டத்தில் வோர்ம்ஸ் சகோதரர்கள் 1841இல் சீனத் தேயிலைச் செடி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பெரிய அளவில் செய்யவில்லை, அவ்வளவுதான். பக்கத்துத் தோட்டத்தில் தொரை (வெள்ளைக்கார முதலாளி) ஏதோ ஒரு செடியை ஆசைக்கு வளர்க்கிறாராம் என்று ராமசாமி கேள்விப்பட்டிருக்கலாம். குடிக்க மட்டும் கொடுக்காதீர்கள்.

தங்கைக்கு வருகிறேன். 1866 பறிப்பு நாளிலும் பெண்கள் இருந்தார்கள், ஆனால் ஆண்களைவிட மிகக் குறைவு. அவளுக்கு வேறு வருஷம் கொடுங்கள். 1877. முந்திய வருஷம் தாது வருஷம், தாது வருஷப் பஞ்சம் என்று நம் பெரியவர்கள் சொல்கிறார்களே, அது. சென்னை மாகாணம் காய்ந்து கிடந்தபோது குடும்பம் குடும்பமாகக் கடல் தாண்டி வந்தார்கள். பெண்ணும் பிள்ளையும் கிழவியும் சேர்ந்து வந்த காலம். அண்ணன் 1866இல் நிற்க, தங்கை 1877இல் நின்றால் பிள்ளைகளுக்குப் பதினொரு வருஷ வித்தியாசம் கண்ணில் படும்: இவளுக்குச் சதம் தெரியும், நாவலப்பிட்டி வரை ரயில் ஓடுவது தெரியும் (1874இல் வந்தது), கோப்பி இலையின் அடியில் மஞ்சள் தூள் படிந்து உதிர்வதும் தெரியும். தொரைமார் அதைப் பார்த்துத் தலையைச் சொறிவதை இவள் பார்த்திருப்பாள். அண்ணனுக்கு அது எதுவும் தெரியாது. இருவரையும் ஒரே அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள், லயத்தின் இரண்டு முனையில் வையுங்கள், நடுவில் பிள்ளைகள் நடந்து போகட்டும்.

உடுப்பு. அந்தக் காலக் கிராமத்துப் பெண்கள் பலர் இரவிக்கை போடவில்லை, அதை அப்படியே செய்ய வேண்டியதில்லை, முரட்டு நூல் சேலையைக் கொசுவி மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் போதும். நைலக்ஸ், பொலியெஸ்டர் வேண்டாம், மின்னுகிற கரை வேண்டாம். படம் பார்க்க வேண்டும் என்றால் ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் எடுத்ததைப் பாருங்கள், 1875 முதல் 1879 வரை இலங்கையில் இருந்தவர், தொழிலாளர்களையும் எடுத்திருக்கிறார். அவர் கல்லறை பொகவந்தலாவைத் தேவாலயத்தில் இருக்கிறது, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே பலருக்குத் தெரியாது. ஆனால் அவர் படங்கள் நிற்க வைத்து எடுத்தவை. துணி எப்படி விழுகிறது, முடிச்சு எங்கே வருகிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், முகபாவத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சமையலில் கவனம். ரொட்டி வேண்டவே வேண்டாம். கோதுமைமா ரொட்டி நம் லயத்துக்குள் நிலையாக நுழைந்தது இரண்டாம் உலகப்போர் நாளில் அரிசி தட்டுப்பட்ட பிறகு. அதை ஆதிகாலத்து உணவு என்று நாமே நம்பிக்கொண்டிருக்கிறோம். கோப்பிக்காலத்தில் தோட்டம் அரிசி கொடுத்தது, இந்தியாவிலிருந்து வந்த அரிசி, அதற்குச் சம்பளத்தில் பிடித்தார்கள். சோறு, புளி, மிளகாய், கருவாடு, காலையில் பழைய சோறும் நீராகாரமும். அலுமினியச் சட்டியை ஒளித்து வையுங்கள், அலுமினியம் மலிவானது 1886க்குப் பிறகு. மண்சட்டி, மூங்கில், ஒரு பித்தளைச் செம்பு இருந்தால் அதை யார் கொண்டுவந்தார்கள் என்று ஒரு கதை.

கம்பளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் அம்மாயி வீட்டில் பழைய கம்பளி ஒன்று இருந்தது, மழை நாளில் அதை நெடுக்காக மடித்து ஒரு முனையைச் சேர்த்துத் தைத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டால் முதுகு முழுக்க மூடிவிடும். நனைந்தால் ஆட்டு வாசம் வரும், பாரம் இரண்டு மடங்காகும், தோள் இறங்கிவிடும். ஆனால் உள்ளே இருக்கிற சூடு வெளியே போகாது. அந்த வாசத்தை ஒரு பிள்ளை முகர்ந்து பார்த்தால் போதும், பத்து வரி விளக்கம் வேண்டாம். தயவுசெய்து வெயிலில் உலர்த்தி வாசம் போக்கிக் கொண்டுவராதீர்கள்.

---

புசல்லாவைக்காரன்:

அக்கா, ஐயா, இரண்டு பேருக்கும் மிக நன்றி. ரொட்டி விஷயம் எனக்கு அதிர்ச்சிதான், பாட்டியிடம் கேட்டேன், "எங்க அம்மா சோறுதான்டா தின்னு வளர்ந்துச்சு" என்று உடனே சொன்னது. இத்தனை வருஷமாக நான் கேட்கவே இல்லை.

1866 கார்த்திகை, புசல்லாவை என்று மாற்றிவிட்டேன். இன்னும் மூன்று கேள்வி. ஒன்று, மன்னாரிலிருந்து நடந்த நடையை நான் எப்படிச் சொல்வது, எனக்கு அந்த வழி தெரியாது. இரண்டு, சாதி. பிள்ளை யாராவது கேட்டால் என்ன சொல்வது, கேட்காவிட்டால் விட்டுவிடலாமா? மூன்று, எங்கள் மாமா ஒருவர், முன்னோர் பட்ட கஷ்டத்தை வேஷம் கட்டிக் காட்டுகிறீர்களா என்று கோபப்பட்டார். அவரிடம் எனக்குச் சரியாகப் பேச முடியவில்லை.

---

மாத்தளை நடை:

2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 வரை நடந்தார்களே, நம் ஆட்கள் இங்கே வந்த 200 வருஷத்தை நினைத்து, அதில் நான் சில நாள் நடந்தேன். அதனால் வழியைப் பற்றி என் காலால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் தட்டை. நாம் மலையில் பிறந்தவர்கள், ஏற்றம் இறக்கம் பழகிய கால். மன்னாரிலிருந்து மதவாச்சி வரைக்கும் ஒரு மேடு கிடையாது, ஒரே வெயில், ஒரே நேர் பாதை, நடந்து நடந்து அதே மரம் மாதிரியே இன்னொரு மரம் வருகிறது. ராமசாமிக்கு அது பழகிய நிலம், துறையூர்ப் பக்கத்து ஆளுக்கு அந்த வெயில் புதிதில்லை. அவனுக்குப் புதிது மாத்தளைக்குப் பிறகுதான். ஆகவே "மன்னார்க் காடு பயங்கரம், மலை அழகு" என்று நம் கண்ணால் சொல்லிவிடாதீர்கள். அவனுக்கு மலைதான் பயம். குளிர், அட்டை, மூடுபனி, பக்கத்தில் நிற்கிறவன் தெரியாத மழை.

எங்களுக்கு வழியெல்லாம் ஊர்க்காரர்கள் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்தார்கள், செருப்பு இருந்தது, பின்னால் வாகனம் வந்தது. அப்படியிருந்தும் மூன்றாம் நாள் குதிகால் வெடித்துவிட்டது. அவர்களுக்குக் குளத்துத் தண்ணீர், வற்றினால் சேற்றுத் தண்ணீர், அதில் வாந்திபேதி. அம்மை. காய்ச்சல். விழுந்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள், ஏனென்றால் நின்றால் அரிசி தீர்ந்துவிடும். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை, மாத்தளை என்று பிற்கால வடக்குப் பாதையின் பெயர்களை வரிசையாகத் தெரிந்து வைத்திருங்கள், ஆனால் ராமசாமி அந்தப் பெயர்களை எல்லாம் சொல்ல வேண்டாம். அவன் ஒரு குளம், ஒரு கல், ஒரு ஆள் விழுந்த இடம் என்றுதான் நினைவு வைத்திருப்பான்.

மாத்தளைக்குப் பிறகு நீங்கள் புசல்லாவை போக வேண்டும் என்றால் கண்டி, பேராதனை, கம்பளை. பேராதனையில் மகாவலிக்கு மேலே 1833இல் முதிரை மரத்தால் கட்டின பெரிய வளைவுப் பாலம் அப்போது இருந்தது. ஆறு இவ்வளவு பெரிதாகத் தண்ணீரோடு ஓடுவதைக் கோடைக் காவிரி பார்த்தவன் எப்படிப் பார்த்திருப்பான் என்று நினைத்துப் பாருங்கள். அந்த ஒரு காட்சி போதும் என்று எனக்குத் தோன்றுகிறது, பாலத்தில் நின்று கீழே பார்த்தது. எதிரே கோப்பி மூட்டை ஏற்றின மாட்டுவண்டிகள் கொழும்புக்குப் போகும், ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் சிங்களவர்கள். காடு வெட்டியதும் பக்கத்துச் சிங்களக் கிராமத்தார்தான் அதிகம், சரிவில் எல்லா மரத்தையும் பாதி வெட்டி நிறுத்திவிட்டு மேல் வரிசையைச் சாய்த்தால் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து மலையே இறங்கும். அதைக் கேட்டவர்கள் யாராவது ராமசாமிக்குச் சொல்லியிருப்பார்கள்.

---

கோப்பிக்காடு:

சாதியைப் பற்றி. ஒளிக்க வேண்டாம், ஆனால் முன்னால் நிற்கிற எந்தப் பிள்ளையையும் அதற்குள் இழுக்க வேண்டாம். லயக் காம்பராக்களே (அறைகளே) சாதி பார்த்துப் பிரிந்திருந்தன, யார் வீட்டுத் தண்ணீர் யார் குடிப்பது என்பது ஊரிலிருந்து கூடவே வந்த வழக்கம். ராமசாமிக்குச் சாதிப் பெயர் வைக்காமல், "அந்தக் கடைசிக் காம்பராவில் இருக்கிறவர் கையால் நான் தண்ணி வாங்கிக் குடிக்கக்கூடாது என்று எங்க கங்காணி சொல்லியிருக்கிறார், ஆனால் வழியில் எனக்குக் காய்ச்சல் வந்தப்போ தண்ணி கொடுத்தது அவர்தான்" என்று சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொள்வார்கள், கேள்வி கேட்பார்கள், பெரியவர்களும் கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

இன்னொன்று, உங்கள் தோட்டத்துக்கு இங்கிலீஷ் பெயர் ஒன்றும் நம் ஆட்கள் வாயில் ஒரு தமிழ்ப் பெயரும் இருக்கும். வயதானவர்களிடம் கேட்டு அந்தத் தமிழ்ப் பெயரையே சொல்லுங்கள். வேலைச் சொல் வேண்டும் என்றால் 1869இல் அச்சான கோப்பிக் கிருஷிக் கும்மியைத் தேடுங்கள், கோப்பி வேலையைத் தமிழில் பாட்டாகவே சொன்னது. கம்பளைப் பக்கம் ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் பழைய லயத்திலேயே தொழிலாளர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள், உங்களுக்குக் கிட்டத்தான், எட்டுப் பேரும் சேர்ந்து ஒரு நாள் போய் அந்தக் காம்பராவுக்குள் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். உயரம், இருட்டு, புகை போகிற வழி, இதெல்லாம் படத்தில் தெரியாது. கவனம், அங்கே உள்ள பொருட்கள் பல தேயிலைக் காலத்தவை.

---

தப்புக்காரர் மகன்:

மாமா கேட்ட கேள்விக்கு மட்டும் நான் வருகிறேன்.

எங்கள் அப்பா காமன்கூத்துக்கு (மன்மதன் எரிந்த கதையை ஆடுகிற கூத்துக்கு)த் தப்பு என்ற பறை அடித்தவர். மாசி மாதம் மன்மதனாக வருகிறவரும் ரதியாக வருகிறவரும் காப்புக் கட்டி, விரதம் இருந்து, வேறு வீட்டில் கை நனைக்காமல் இருப்பார்கள். பகலில் அவர் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற சாதாரண ஆள்தான், ஆனால் காப்பு கட்டின அன்றிலிருந்து அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். மன்மதன் எரிகிற இரவில் ரதி அழும்போது லயமே அழும். அதை யாரும் வேஷம் என்று குறைவாகச் சொன்னதில்லை. இன்னொருவரை நம் உடம்பில் ஏற்றுக்கொள்வது எப்படி என்று நமக்கு யாரும் அமெரிக்காவிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்லை, நம்மிடம் முறை இருக்கிறது. தம்பி, நீங்களும் அந்த நாளுக்கு முன்னால் ஒரு வாரம் ஒரு விரதம் மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். விடிய முன் எழும்புங்கள், செருப்பில்லாமல் மலை ஏறி இறங்குங்கள், போனை வீட்டில் வைத்துவிடுங்கள். மாமாவையும் கூப்பிட்டு அவருக்குத் தெரிந்த ஒரு பாட்டோ ஒரு பெயரோ கேளுங்கள். கோபப்படுகிறவருக்குத்தான் அதிகம் தெரியும், என் அனுபவம் அது.

பெரட்டுக்குத் தப்பு அடிக்கிறதா இருந்தால் சொல்லுங்கள், நான் வருகிறேன். அப்பாவுடைய தப்பு இருக்கிறது, நெருப்பில் காய்ச்சித்தான் அடிக்க வேண்டும், அதனால் வைக்கோல் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

---

புசல்லாவைக்காரன்:

எல்லோருக்கும். மாமா வருகிறார். அவர் கங்காணியாக நிற்கிறாராம்! கங்காணியைக் கெட்டவனாக மட்டும் காட்டமாட்டேன், அவனும் ஆள் கணக்குக்குக் கிடைக்கிற தலைக்காசுக்கு அலைந்தவன்தான், அவனும் எங்கேயோ கடன்பட்டவன்தான் என்று சொல்லிவிட்டுத்தான் சம்மதித்தார். அது நியாயம் என்று எனக்கும் படுகிறது.

ஐயா சொன்ன நாலு கேள்விக்கும் எழுதி முடித்தேன். பார்த்துத் திருத்துங்கள்.

"என் பேர் ராமசாமி. ஊர் துறையூர்ப் பக்கம். மழை பொய்த்த வருஷம் அய்யாவின் நிலத்தை அடகு வைத்தோம், அதை மீட்க வந்தேன். ஊர்க்காரக் கங்காணி முன்பணம் கொடுத்தார், எவ்வளவு என்று அவர் நோட்டில் இருக்கிறது, எனக்கு வாசிக்கத் தெரியாது. பதினேழு பேர் நடந்தோம், பதினாலு பேர் வந்தோம். ஒருத்தர் என் சித்தப்பா. குளத்தங்கரையில் ஒரு பெரிய மருதமரத்துக்குக் கீழே விட்டோம், திரும்பிப் போகும்போது அந்த மரத்தைப் பார்ப்பேன். பழம் பறிப்பு முடிந்தால் கணக்கு. ஆத்தாவுக்கு நான் இங்க இருக்கிறது தெரியும். போன தடவை ஊருக்குத் திரும்பினவரிடம் ஒரு ரூபாயும் ஒரு சின்னப் பொட்டலமும் கொடுத்து விட்டேன். சேர்ந்ததா என்று இன்னும் ஆள் வரவில்லை."

தங்கை தன் ஆளை இன்னும் எழுதுகிறாள், ராகலை அக்காவிடம் தனியாகக் கேட்பாள்.

சனிக்கிழமை, விடியற்காலை ஐந்தரைக்குப் பெரட்டு. வைக்கோல் இருக்கிறது. கம்பளி மட்டும் இரண்டு குறைகிறது, யார் வீட்டிலாவது பழையது இருந்தால் கழுவாமல் அப்படியே கொண்டுவாருங்கள்.